வண்டியோடு கைமாறாத வரலாறு

பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர் வழக்கமாகக் கேட்பவை மூன்று: எந்த ஆண்டு வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும். அந்த எஞ்சின் இன்னும் எத்தனை காலம் உழைக்கும் என்பதை இம்மூன்று விடைகளும் சேர்ந்தாலும் சொல்லிவிட முடியாது. அதற்கு மிக அருகில் வரும் கேள்வி வேறொன்று: எஞ்சின் ஆயில் எப்போதெல்லாம் மாற்றப்பட்டது, எந்தத் தரத்து ஆயில் ஊற்றப்பட்டது? இதற்குச் சான்றோடு விடை கிடைப்பது நம் நாட்டில் அரிது. அப்படி அரிதாக இருப்பது பொதுக்கொள்கையின் குறை என்பதே என் வாதம். பதிவு சற்று நீளமானது. பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

நம் சாலைகளில் மிகவும் பழகிப்போன ஓர் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். ஃபியட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் இணைந்து உருவாக்கி, 2003இல் போலந்தில் உற்பத்திக்கு வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டர்போ டீசல் அது. இந்தியாவில் ஃபியட் அதை மல்டிஜெட் என்றது. மாருதி டிடிஐஎஸ் என்றது. டாடா குவாட்ராஜெட் என்றது. ஸ்விஃப்ட், டிசையர், புன்டோ, லீனியா, இண்டிகா விஸ்டா என ஒன்றோடொன்று போட்டியிட்ட வண்டிகளின் மூடிக்குக் கீழே இருந்தது ஒரே எஞ்சின். புனேவுக்கு அருகில் ரஞ்சன்கானிலும் ஹரியானாவின் மானேசரிலும் இலட்சக்கணக்கில் தயாரானது. 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்று வாகன இதழாளர்கள் அதை அழைத்தது வெறும் வேடிக்கைக்காக அன்று. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களையே கைவிட்டது. ஆகவே இன்று ஓடிக்கொண்டிருக்கும் அவ்வகை எஞ்சின்கள் அனைத்தும் பழையவை. அவற்றுள் பல இரண்டாம், மூன்றாம் கைகளில் இருக்கின்றன.

அதன் விவரக்குறிப்பைப் பார்ப்போம். நான்கு சிலிண்டர்கள், பதினாறு வால்வுகள், 1,248 கன செ.மீ. கொள்ளளவு. சிலிண்டரின் உள்விட்டம் 69.6 மி.மீ., பிஸ்டன் நகரும் தொலைவு 82 மி.மீ. தொடக்ககால ஸ்விஃப்டில் 4,000 சுற்றில் 75 குதிரைத்திறனும், 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கிடைத்தன. மாறு வடிவியல் டர்போ பொருத்தப்பட்ட வடிவம் 90 குதிரைத்திறன் தந்தது. விற்பனைத் துண்டறிக்கையில் இவ்வெண்கள் பெருமைக்குரியவை. பராமரிப்பின் பக்கமிருந்து பார்த்தால் இவை எஞ்சின் நம்மிடம் முன்வைக்கும் கோரிக்கைகள். இவ்வளவு சிறிய உடலிலிருந்து இவ்வளவு விசையை எடுக்க வேண்டுமானால் காற்றை டர்போ அழுத்தித் திணிக்க வேண்டும். எரிபொருளை ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், ஒரு சுழற்சிக்குள் பலமுறை பிரித்துப் பீய்ச்ச வேண்டும். இத்தனை வெப்பத்தையும் உராய்வையும் தாங்குவதற்கு இருப்பதோ ஏறத்தாழ மூன்று லிட்டர் ஆயில்.

அந்த ஆயில் செய்யும் வேலைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்தையும் தாண்டிய சுற்றுகளில் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலி உண்டு. 'சங்கிலி என்றால் வாழ்நாள் முழுதும் கவலையில்லை' என்பது சந்தையில் புழங்கும் நம்பிக்கை. ஆனால் அச்சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இயங்குவது ஆயில் அழுத்தத்தால். டீசல் எரியும்போது உண்டாகும் நுண்கரி ஆயிலில் கலக்கிறது. கரி மிகுந்த ஆயில் சங்கிலியின் கணுக்களை அரைத்துத் தேய்க்கிறது. தேய்ந்த சங்கிலி நீள்கிறது. காலையில் எஞ்சினை உயிர்ப்பிக்கும்போது சில நொடிகள் கேட்கும் உலோகக் கலகலப்பு அதன் முதல் எச்சரிக்கை. அதைப் பொருட்படுத்தாவிடில் ஒருநாள் சங்கிலி பல் தாண்டும். வால்வும் பிஸ்டனும் மோதும். வாழ்நாள் சங்கிலி என்ற வாக்குறுதி, ஆயில் உரிய காலத்தில் மாற்றப்படும் என்ற நிபந்தனையின் மேல் நிற்கிறது. நிபந்தனையை மறந்து வாக்குறுதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

மற்றக் கோளாறுகளும் இதே வழியில் வருபவைதாம். புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வில், புகைக்கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார்போலப் படிகின்றன. டீசல் ஃபில்டரில் சேரும் நீரை அவ்வப்போது வடிக்காவிடில் உயரழுத்தப் பம்பும் இன்ஜெக்டரும் கெடுகின்றன; ஃபில்டரின் விலையையும் இன்ஜெக்டரின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். நெடுஞ்சாலையில் விரைந்து வந்தவுடன் எஞ்சினை அணைத்தால், தகித்துக்கொண்டிருக்கும் டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்று, அங்கேயே கருகிப் படிகிறது. ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு அணைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

இதனால்தான் 'இந்த எஞ்சின் நம்பகமானதா?' என்ற கேள்வி குறையுடையதாகிறது. ஒரே ஆலையில் பிறந்த இரு எஞ்சின்களில் ஒன்று மூன்று லட்சம் கிலோமீட்டரைக் கடக்கலாம். மற்றது ஒரு லட்சத்தைச் சுற்றியே திறக்கப்படலாம். நம்பகத்தன்மையில் வடிவமைப்பின் பங்கு உண்டு. அதற்கு மேல் அது எஞ்சினோடு ஒவ்வொரு உரிமையாளரும் நடந்துகொண்ட விதத்தின் தொகை. அத்தொகைதான் எங்கும் பதிவாவதில்லை.

பதிவாகாத இடத்தை வாய்ச்சொல் நிரப்புகிறது. நான் மொழியியல் பயின்றவன் என்பதால் இதில் ஒரு சொல்லைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை: 'சர்வீஸ்'. வண்டியைக் கழுவித் துடைப்பதும் சர்வீஸ். குறைந்த ஆயிலுக்கு மேலாக அரை லிட்டர் ஊற்றுவதும் சர்வீஸ். ஆயிலை முழுதும் வடித்து, ஃபில்டரோடு மாற்றுவதும் சர்வீஸ். 'சர்வீஸ் எல்லாம் சரியாகச் செய்திருக்கிறது' என்னும் விற்பவர் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சொல்லின் அகலம் அவருக்கு இடம் கொடுத்துவிடுகிறது. வாங்குபவர் ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தும் பயனில்லை. டீசல் எஞ்சினில் புதிய ஆயிலும் சில நாட்களிலேயே கறுத்துவிடும். ஓடோமீட்டரைத் திருத்துவதோ பலருக்கும் தெரிந்த கைத்தொழில்.

இந்த இருட்டின் விலையைக் கொடுப்பவர் யார்? புது வண்டி வாங்கி ஐந்தாண்டில் விற்றுவிடுபவர் அல்லர். அவர் ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டி மிச்சப்படுத்திய சில ஆயிரம் ரூபாய், மூன்றாவது உரிமையாளரிடம் டர்போவாகவும் சங்கிலியாகவும் பல மடங்கு பெருகி வந்து சேர்கிறது. அந்த மூன்றாவது உரிமையாளர் பெரும்பாலும் கடன் வாங்கி வாடகைக்கு ஓட்டும் ஓட்டுநர். எஞ்சின் பட்டறையில் கிடக்கும் நாட்களில் அவருக்கு வருமானம் இல்லை. தவணை மட்டும் உண்டு.

அரசும் எளிதான எண்ணையே பற்றிக்கொண்டது. தில்லித் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025இல் அதே நீதிமன்றத்தின் முன் அது மீண்டும் விவாதமானது. தில்லியின் காற்றைச் சுவாசிப்பவர் எவரும் அந்த ஆணையின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் பழைய விதிகளுக்கேற்பப் பிறந்த எஞ்சின் நைட்ரஜன் ஆக்சைடுகளில் புதியதற்கு ஈடாகாது என்பதும் உண்மை. ஆயினும் ஒன்பது ஆண்டு புறக்கணிக்கப்பட்டுக் கரும்புகை கக்கும் வண்டி சட்டப்படி ஓட, பதினோராண்டு பேணப்பட்ட வண்டி உடைக்கப் போவதில் நோக்கம் நிறைவேறுவதாகத் தோன்றவில்லை. இன்னொரு தீங்கும் உண்டு. பத்தாம் ஆண்டில் வண்டிக்கு மதிப்பே இராது என்று தெரிந்தவர் எட்டாம் ஆண்டில் எதற்காக நல்ல ஆயில் ஊற்றுவார்?

செய்ய வேண்டியது கடினமானதன்று. பெல்ஜியத்தில் 2006 இறுதியிலிருந்து, வண்டி பட்டறைக்கு வரும்போதெல்லாம் ஓடோமீட்டர் எண்ணைப் பொதுப்பதிவில் சேர்க்க வேண்டும். பழைய காரை விற்பவர் அந்தப் பதிவின் சான்றைத் தந்தாக வேண்டும். பிரிட்டனில் ஆண்டுச் சோதனையின் வரலாற்றை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நம்மிடம் வாஹன் தரவுத்தளம் ஏற்கனவே இருக்கிறது. பதிவு, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை அதில் உள்ளன. அதோடு ஒரு வரி சேர்த்தால் போதும்: தேதி, ஓடோமீட்டர் எண், மாற்றிய ஆயிலின் தரம், மாற்றிய ஃபில்டர்கள்.

தெருமுனை மெக்கானிக்குகளை இது ஒதுக்கிவிடாதா என்ற அச்சம் நியாயமானது. பதிவிடும் உரிமை நிறுவனங்களின் சர்வீஸ் நிலையங்களுக்கு மட்டும் என்றால் இத்திட்டம் அவர்களின் ஏகபோகத்துக்கு இன்னொரு வேலியாக முடியும். எனவே கைப்பேசியிலேயே, தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் பதிவிடும் வசதி சிறு பட்டறைகளுக்குத் தரப்பட வேண்டும். பொய்ப் பதிவுகளும் வரத்தான் செய்யும். ஆனால் தேதியும் கிலோமீட்டரும் பட்டறையின் பெயரும் தாங்கிய பொய்யைப் பிடிக்க வழியுண்டு. வாய்ச்சொல்லுக்கு அந்தப் பொறுப்புகூட இல்லை.

சட்டம் வரும்வரை நாமே தொடங்கலாம். வண்டி வைத்திருப்போர் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தையும் எழுதி, ரசீதை ஒட்டி, விற்கும்போது சாவியோடு சேர்த்துக் கொடுங்கள். வாங்குவோர் அந்த நோட்டைக் கேளுங்கள். இருந்தால் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கவும் தயங்காதீர்கள். பேணியதற்குச் சந்தையில் விலை கிடைக்கும் என்று தெரிந்தால் பேணுவோர் பெருகுவர்.