கூடமும் கோணலாக இருக்கலாம்

நுழையும் முன்

காணொளி விளையாட்டில் தோல்வி எல்லார்க்கும் நேர்வது. அத்தோல்விக்கு ஆடுபவரின் பயிற்சிக் குறைவு காரணமா, விளையாட்டின் அமைப்புக் குறை காரணமா என்று எவ்வாறு பிரித்தறிவது? அவ்வினாவை ஆராயும் கருத்துக் கட்டுரை இப்பாடமாக அமைந்துள்ளது.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது தமிழர் இல்லங்களில் இன்றும் வழங்கும் பழமொழி. தன் குறையை மறைப்பதற்காகப் பிறவற்றின்மீது பழி போடுபவரை அது எள்ளி நகையாடுகிறது. அதிரடிக் காணொளி விளையாட்டில் தோற்றுவிட்டு, "கேமரா சரியில்லை" என்று முணுமுணுக்கும் பிள்ளைக்குப் பெரியவர்கள் இப்பழமொழியையே விடையாகத் தருவர். பெரும்பாலும் அவ்விடை பொருத்தமானதே; எனினும் எப்போதும் பொருத்தமானது அன்று. கூடம் உண்மையிலேயே கோணலாக அமைந்துவிடுவதும் உண்டு. எது ஆடுபவரின் குறை, எது கூடத்தின் குறை என்று பிரித்தறியாதவர் இருவகையில் இழப்புக்கு உள்ளாவர். தம்மிடம் உள்ள குறையைத் திருத்திக்கொள்ளாமல் விடுவது ஒன்று. தம்மிடம் இல்லாத குறைக்காகத் தம்மையே நொந்துகொள்வது மற்றொன்று. இரண்டாம் இழப்பைப் பற்றிப் பெரியவர்கள் மிகுதியாகப் பேசுவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கடினம் என்பது குறை அன்று. உளவியல் அறிஞர் மிகாய் சிக்சென்ட்மிகாய் 1990-இல் வெளியிட்ட 'ஃப்ளோ' என்னும் நூலில், மனிதர் ஒரு செயலில் தம்மை மறந்து ஈடுபடும் நிலையை விளக்கினார். செயலின் கடினமும் செய்பவரின் திறமையும் ஒன்றற்கொன்று ஈடாக நிற்கும்போதே அந்நிலை வாய்க்கும் என்பது அவர் கருத்து. செயல் மிக எளிதாயின் சலிப்பு உண்டாகும். மிகக் கடினமாயின் கலக்கம் உண்டாகும். ஆதலின் கடினமே இல்லாத விளையாட்டை விரும்புவோர் மிகச் சிலரே.

2011-இல் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய 'டார்க் சோல்ஸ்' இதற்குச் சிறந்த சான்று. அதில் சாதாரண எதிரியும் ஒரு சில அடிகளில் வீரரை வீழ்த்திவிடுவான். ஆயினும் அவன் வாளை ஓங்கும் விதத்தைக் கூர்ந்து நோக்கினால், அடி எப்போது விழும் என்பதை அறியலாம். முதல் முறை தோற்றவர் இரண்டாம் முறை சற்றே விலகுவார். பலமுறை முயன்றபின் வெல்வார். அவ்வெற்றியில் உள்ள மகிழ்ச்சி, எளிதில் கிடைத்த வெற்றியில் இல்லை. உலகெங்கும் அவ்விளையாட்டு பெற்ற வரவேற்புக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இவ்வாறு தோல்வி பாடமாக அமைவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எது தம்மை வீழ்த்தியது என்பதைத் தோற்றவர் கண்டிருக்க வேண்டும். காணாத ஒன்றிலிருந்து எவரும் பாடம் கற்க இயலாது. கேமராவைப் பற்றிய பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

பழைய விளையாட்டுகளில் காட்சி பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ தெரியும். வீரர், எதிரி, பள்ளம், சுவர் ஆகிய அனைத்தும் ஒரே பார்வையில் அடங்கும். முப்பரிமாண உலகம் வந்தபின் நிலைமை மாறியது. 1996-இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ 64' இம்மாற்றத்தின் முன்னோடிகளுள் ஒன்று. காட்சியை யார் பார்க்கிறார் என்னும் கேள்வி ஆடுபவருக்குப் புதிது என்பதை அதன் படைப்பாளிகள் உணர்ந்திருந்தனர். ஆகவே, மேகத்தின்மேல் அமர்ந்து தூண்டிற்கோலில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்தொடரும் 'லக்கிட்டு' என்னும் பாத்திரத்தைப் புகுத்தினர். கோட்டையின் நிலைக்கண்ணாடி அறைக்குள் நுழைந்தால், மாரியோவின் உருவத்தோடு லக்கிட்டுவின் உருவமும் கண்ணாடியில் தெரியும். பார்வைக்கும் ஓர் ஆள் உண்டு. அந்த ஆளும் தவறக்கூடும் என்பதை ஆடுபவர் அதன்வழி உணர்ந்துகொள்ளலாம்.

உண்மையில் அங்குக் கேமரா என்னும் கருவி எதுவும் இல்லை. எந்தப் புள்ளியிலிருந்து காட்சியைக் கணித்துக் கணினி வரைகிறதோ, அப்புள்ளியே கேமரா எனப்படுகிறது. பெரும்பாலான அதிரடி விளையாட்டுகளில் அது வீரரின் முதுகுக்குப் பின்னால் சிறிது தொலைவில் மிதந்து வரும். திறந்தவெளியில் தொல்லை இல்லை. மூன்று இடங்களில் தொல்லை எழுகிறது.

முதலாவது, சுவர். வீரர் சுவரோரம் ஒதுங்கும்போது கேமராவுக்குப் பின்வாங்க இடம் இராது. சுவருக்கு அப்பால் சென்றால் சுவரே காட்சியை மறைக்கும். இப்பால் நின்றால் திரை முழுவதும் வீரரின் முதுகே நிறைந்துவிடும். 'டார்க் சோல்ஸ்' விளையாட்டில் 'காப்ரா டீமன்' என்னும் தலைமை எதிரியோடு மோதும் இடம் இதற்குப் பெயர்பெற்றது. குறுகலான முற்றம் அது. உள்ளே கால் வைத்தவுடன் எதிரியும் இரண்டு நாய்களும் ஒருசேரப் பாய்வர். பின்வாங்கினால் சுவர், சுவரோடு ஒட்டினால் காட்சி மறையும். அங்கு எதிரியின் வாளைக் காட்டிலும் கேமராவையே பலர் குறை கூறுவர்.

இரண்டாவது, பெருவிரல். கன்ட்ரோலர் எனப்படும் கைக்கருவியில் இடக்கைப் பெருவிரல் வீரரை நடத்துகிறது. வலக்கைப் பெருவிரலுக்கோ இரண்டு பணிகள். தாக்குவதற்கும் தாவுவதற்கும் உரிய பொத்தான்களை அழுத்துவதும் அதுவே. கேமராவைத் திருப்பும் குமிழை அசைப்பதும் அதுவே. ஒரே விரல் ஒரே நொடியில் இரண்டு இடங்களில் இருக்க இயலாது. கணினியில் சுட்டியைக் கொண்டு ஆடுவோர் சுட்டியை நகர்த்திக்கொண்டே சொடுக்கலாம். ஆகவே அவர்களுக்கு இத்தொல்லை குறைவு. கைப்பேசியில் ஆடுவோர்க்கோ, தொடும் விரலே காட்சியின் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது.

மூன்றாவது, இலக்கு. விரலின் சுமையைக் குறைப்பதற்கு ஒரு வழி கண்டறியப்பட்டது. 1998-இல் வெளிவந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒகாரினா ஆஃப் டைம்' விளையாட்டில் 'இசட்' பொத்தானை அழுத்தினால், பார்வை ஓர் எதிரியின்மீது நிலைத்து நிற்கும். வீரர் எப்பக்கம் நகர்ந்தாலும் எதிரி திரையைவிட்டு அகல்வதில்லை. 'லாக் ஆன்' என்று சிறுவர் கூறும் இவ்வசதி பின்னர் எண்ணற்ற விளையாட்டுகளில் இடம்பெற்றது. எனினும் ஒருவன்மீது பார்வை நிலைத்திருக்கும்போது, மற்றவன் முதுகில் தாக்கலாம். 2018-இல் வெளிவந்த 'காட் ஆஃப் வார்' இதற்கும் ஒரு தீர்வு தந்தது. அதில் கேமரா வீரரின் தோளுக்கு மிக அருகில் இருக்கும். ஆகவே பின்னால் வருபவர் தெரியமாட்டார். அக்குறையை ஈடுசெய்ய, எதிரி எத்திசையில் உள்ளான் என்பதை வீரரைச் சுற்றிச் சிறு அம்புக்குறிகள் காட்டுகின்றன. தாக்குதல் நெருங்கும்போது குறி சிவப்பாகிறது. கடினம் குறையவில்லை, அநீதி குறைந்தது.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும் இடமே ஆடுபவரை மிகுதியாக வருத்துவது. 2004-இல் டீம் நிஞ்சா குழுவினர் உருவாக்கிய 'நிஞ்சா கெய்டன்' மிகக் கடுமையான அதிரடி விளையாட்டு எனப் புகழ்பெற்றது. எதிரிகள் கணப்பொழுதும் ஓயமாட்டார்கள். அதன் சண்டை அமைப்பைப் பாராட்டியவர்களே அதன் கேமராவைக் குறை கூறினர். 2005-இல் வெளிவந்த 'நிஞ்சா கெய்டன் பிளாக்' என்னும் திருந்திய பதிப்பில், வலப்பக்கக் குமிழால் கேமராவைத் திருப்பும் வசதி அமைந்தது. அதனால் விளையாட்டு எளிதாகிவிட்டது என்று எவரும் கூறவில்லை. கடினத்துக்கு அது இன்றும் எடுத்துக்காட்டாகவே விளங்குகிறது. ஆடியவர்களின் குறை கூறல் வெறும் சாக்குப்போக்கு அன்று என்பதையே அத்திருத்தம் காட்டுகிறது.

அதே பதிப்பில் வேறொன்றும் நிகழ்ந்தது. தொடக்கத்தில் பலமுறை தோற்பவர்க்கு எளிய நிலை ஒன்று வழங்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'நிஞ்சா நாய்'. உதவி கேட்டவரை ஒரு கையால் தூக்கிவிட்டு, மறு கையால் தலையில் குட்டும் செயல் அது. 2018-இல் வெளிவந்த 'செலஸ்ட்' இதற்கு நேர்மாறானது. மலையேறும் பெண்ணின் கதையைச் சொல்லும் அக்கடினமான விளையாட்டில், வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் களைப்பில்லாமல் ஏறவும் தனி வசதி உண்டு. அதைப் பயன்படுத்துவோரை விளையாட்டு இகழ்வதில்லை. கைவிரல் வலி உடையோரும், பார்வைக் குறைவு உடையோரும், முதன்முறையாக ஆடுவோரும் இவ்வுலகில் உள்ளனர் என்பதை அது நினைவில் கொண்டுள்ளது.

எளிய நிலை கட்டாயம் வேண்டும் என்பதில்லை. 2019-இல் வெளிவந்த 'செகிரோ' விளையாட்டில் எளிய நிலை இல்லை. அதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. எல்லாரும் ஒரே மலையை ஏறினார்கள் என்னும் பெருமிதத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் கடினத்தைப் பற்றி விளையாட்டு உண்மையைக் கூற வேண்டும். 2005-இல் வெளிவந்த 'டெவில் மே கிரை 3' விளையாட்டின் ஜப்பானியப் பதிப்பில் 'கடினம்' என இருந்த நிலையே, வட அமெரிக்கப் பதிப்பில் 'இயல்பு' எனப் பெயர் பெற்றது. அங்கு 'இயல்பு' நிலையில் தோற்றவர்கள் தம்மை இயல்புக்கும் கீழ்ப்பட்டவர்களாக எண்ணியிருக்கலாம். 2006-இல் வந்த சிறப்புப் பதிப்பில் அது சீரமைக்கப்பட்டது. மாற்ற வேண்டியிருந்தது ஆடுபவரை அன்று, பெயர்ப்பலகையை.

காணாமல் மறைப்பதே விளையாட்டின் நோக்கமாக இருந்தால் என்ன செய்வது என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. 1996-இல் வெளிவந்த 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டில் கேமரா அறையின் மூலையில் அசையாமல் நிற்கும். திருப்பத்துக்கு அப்பால் இருப்பது தெரியாது; காலடி ஓசை மட்டும் கேட்கும். அச்சமூட்டுவதே அதன் நோக்கமாதலின், மறைப்பு அங்குக் கலையாகிறது. அதற்கேற்ப எதிரிகளின் நடையும் மெதுவாக அமைந்துள்ளது. ஆடுபவருக்குச் சிந்திக்க நேரம் உண்டு. மின்னல் வேகத்தில் வாள் வீசும் விளையாட்டில் அதே மறைப்பு, கண்ணைக் கட்டிவிட்டுச் சிலம்பம் ஆடச் சொல்வதற்கு ஒப்பாகும். மறைப்பது தவறன்று, மறைத்துவிட்டு, பார்க்கவில்லையே என்று தண்டிப்பதே தவறு.

ஆகவே, தோற்றவர் தம்மைத்தாமே மூன்று வினாக்கள் கேட்டுப் பார்க்கலாம். தம்மை வீழ்த்தியது எது என்று காண முடிந்ததா? கண்டபின் அதற்கு மாற்றுச் செய்ய வழி இருந்ததா? அடுத்த முயற்சியில் முன்னைக்காட்டிலும் சிறிதேனும் முன்னேற முடிகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்பது விடையானால், குறை கூடத்தில் இல்லை; பயிற்சி தொடர வேண்டும். முதல் வினாவுக்கே 'இல்லை' என்பது விடையானால், பிள்ளை தன்னைத் திறமையற்றவன் என்றோ திறமையற்றவள் என்றோ கருதத் தேவையில்லை.

இப்பிரித்தறிவு விளையாட்டோடு நின்றுவிடுவது அன்று. வினாத்தாளில் கணக்குக் கடினமாக இருப்பது வேறு. அச்சு மங்கி எண்கள் படிக்க இயலாமல் இருப்பது வேறு. லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பது கடினம். அது மொழியின் இயல்பு, பயிற்சியால் வசப்படும். கரும்பலகையில் வெயில் பட்டு எழுத்துத் தெரியாமல் போவது கடினம் அன்று. சன்னலைச் சாத்தினால் தீரும் குறை. முன்னதற்கு உழைப்பு வேண்டும். பின்னதற்குக் கையை உயர்த்திச் சொல்லும் துணிவு வேண்டும். வீட்டில் ஒரு மொழியும் வீதியில் வேறொரு மொழியும் பேசி வளரும் பிள்ளைகள், எல்லாத் தடுமாற்றத்தையும் தம் குறையாகவே எண்ணிவிடுவது எளிது. அவர்களுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

குறை கூறுவதற்கும் முறை உண்டு. "இந்த விளையாட்டு மோசம்" என்பது கோபம். "மூன்றாம் நிலையில், படிக்கட்டின் அடியில் கேமரா சுவருக்குள் புகுந்துவிடுகிறது, அவ்வேளையில் பின்னால் வரும் எதிரி தெரிவதில்லை, ஓர் ஒலிக்குறிப்புச் சேர்த்தால் போதும்" என்பது திறனாய்வு. இடம், நிகழ்வு, தீர்வு ஆகிய மூன்றும் அதில் உள்ளன. முன்னதைப் படைப்பாளி கேட்டுவிட்டு மறந்துவிடுவார். பின்னதை எழுதி வைத்துக்கொள்வார்.

சிந்தித்து எழுதுக

1. கடினத்துக்கும் அநீதிக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டுரையிலிருந்து இரண்டு சான்றுகள் காட்டி விளக்குக.

2. 'நிஞ்சா நாய்' என்னும் பெயர் பொருத்தமானதா? உங்கள் கருத்தைக் காரணத்தோடு எழுதுக.

3. எளிய நிலை இல்லாத விளையாட்டு நியாயமானதே என்னும் கருத்தை ஆதரித்தோ மறுத்தோ வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

4. நீங்கள் ஆடிய விளையாட்டு ஒன்றன் குறையை இடம், நிகழ்வு, தீர்வு ஆகியவை அமையுமாறு ஐந்து தொடர்களில் எழுதுக.