87 நாள் அமைச்சர்

நெதர்லாந்துப் பொருளியலாளர் எடுவார்ட் போம்ஹோஃப் ராட்டர்டாம் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 'நிஃபர்' ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர். நாளிதழில் தொடர்ந்து பத்தி எழுதி, அரசின் செலவுகளைத் தயங்காமல் விமர்சித்தவர்.

2002 மே 6 அன்று அரசியல் தலைவர் பிம் ஃபோர்டாயின் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒன்பதே நாளில் நடந்த தேர்தலில், தலைவனை இழந்த அவரது புதுக் கட்சி 150 இடங்களில் 26 வென்றது. ஆள் பலம் இல்லாத அக்கட்சி வெளியிலிருந்து நிபுணர்களை அழைத்தது. ஜூலை 22 அன்று போம்ஹோஃப் துணைப் பிரதமராகவும் சுகாதார அமைச்சராகவும் பதவியேற்றார். மருத்துவமனைகளில் சிகிச்சைக்காக மாதக்கணக்கில் மக்கள் காத்திருந்த காலம் அது. அந்தப் பிணியைத் தீர்க்க அவருக்கு அவகாசமே கிடைக்கவில்லை. அதே கட்சியின் பொருளாதார அமைச்சர் ஹெர்மன் ஹைன்ஸ்ப்ரூக்குடன் தலைமைப் போட்டி முற்றியது. அக்டோபர் 15 அன்று இளவரசர் கிளவுஸின் இறுதிச் சடங்கு முடிந்தது. மறுநாளே இருவரும் விலகினர். அப்படியும் பிரதமர் பால்கனெண்டேயின் அரசு பிழைக்கவில்லை. நோயாளிகளைக் காக்கவைத்துவிட்டு அமைச்சர்கள் நாற்காலிக்கு மோதியது மன்னிக்கத் தக்கதல்ல. அடுத்த ஜனவரியில் வாக்காளர்கள் அக்கட்சியை எட்டு இடங்களுக்குச் சுருக்கினர்.

பதவி அனுபவத்தை நூலாக்கிய போம்ஹோஃப், பின்னர் மலேசியாவில் மீண்டும் பொருளியல் பேராசிரியரானார்.