ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர்?

 

மார்க்கம் பேசும் பக்கத்தில் உழவு இயந்திரத்துக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சாளம்பைக்குளத்திலும் சூடுவெந்தபுலவிலும் நீராவிப்பிட்டியிலும் வயலை நம்பி வாழும் வீடுகள் இருக்கின்றன. உச்சி வெயிலில் மகன் வந்து, "உம்மா, மிசின் கொதிக்குது, ஒரு வாளி தண்ணி தாங்க" என்று கேட்டால் கிணற்றில் அள்ளிக் கொடுப்பது யார்? நீங்கள்தான். ஆகவே இது உங்களுக்குரிய பாடம்.

முல்லைத்தீவு, கிளிநொச்சி முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டார்கள். 2009 க்குப் பிறகு திரும்பி வந்து காடு மண்டிக் கிடந்த காணியை வெட்டித் துப்பரவாக்கிய குடும்பங்களை நாம் அறிவோம். அப்படியொரு வீட்டில் ஒரு லான்ட்மாஸ்டர் நிற்கிறதென்றால் அது வெறும் இரும்பல்ல. அதன் பின்னால் கடன் இருக்கும், தவணை இருக்கும். காலபோக உழவு நேரத்தில் எஞ்சின் இறுகிவிட்டால் அந்தப் போகமே கையை விட்டுப் போகும். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு உதிரிப்பாகங்களின் விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எஞ்சின் இறுகுவதற்குப் பல காரணங்கள் உண்டு. வீட்டிலிருந்தே தடுக்கக்கூடிய ஒன்று, நாம் ஊற்றும் தண்ணீர்.

வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் காவி. சவர்க்காரம் நுரைக்காது. கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படியும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு பட்டதும் கரைந்த நிலையை விட்டுப் பிரிந்து சூடான உலோகத்தில் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சினுக்குள் நடப்பதும் இதுவேதான். கேத்தலைத் திறந்து பார்க்கிறீர்கள், எஞ்சினைத் திறந்து பார்ப்பதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

மேலே தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றும் பழைய வகை எஞ்சினில் இது இன்னும் மோசம். அதில் தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், நாமும் ஊற்றிக்கொண்டே இருப்போம். ஆவியாவது தண்ணீர் மட்டும். சுண்ணாம்பு உள்ளேயே தங்கும். ஒரு லீற்றர் தண்ணீரில் 300 மில்லிகிராம் சுண்ணாம்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு போகத்தில் 200 லீற்றர் ஆவியாகிப் போனால் 60 கிராம் உள்ளே சேரும். ஒரு கைப்பிடி சுண்ணாம்பு! அது வெப்பத்தை இரும்பைப்போல் கடத்தாது. எஞ்சினுக்குப் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் எஞ்சின் உள்ளுக்குள் வேகும்.

சிலர் படிகாரம் போட்டுத் தெளிய வைத்து ஊற்றுகிறார்கள், சிலர் தேற்றாங்கொட்டை உரைக்கிறார்கள். கலங்கலுக்கு இரண்டும் நல்லவை. ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, காவியில்லாத தண்ணீர் வேறு. கண்ணாடிபோல் தெளிந்த கிணற்றிலும் காவி நிறைய இருக்கலாம்.

அப்படியானால் எதை ஊற்றுவது? பற்றரிக் கடையில் விற்கும் வடிநீர் முதல் தரம். அதற்கு அடுத்தது மழைநீர். மாரியில் முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதைத் துணியால் வடித்து மூடிய கேனில் சேர்த்து வையுங்கள்; செலவே இல்லை. கிராமத்து ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீரும் பொருந்தும். ஆயினும் சிறுநீரக நோயின் பயத்தால் குடிப்பதற்கென்று வைத்த தண்ணீர் அது. வரிசையில் நிற்பவரின் குடத்தைப் பின்தள்ளி மிசினுக்கு எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு வழியே இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரை நன்கு கொதிக்க வைத்து, ஆறிய பின் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். முழுக் காவியும் போகாது, ஒரு பகுதி பானையோடு நின்றுவிடும்.

ஏற்கெனவே படிந்திருந்தால் கழுவ வேண்டும். எஞ்சின் முற்றாக ஆறிய பிறகு பழைய தண்ணீரை இறக்குங்கள். பத்து லீற்றர் தண்ணீருக்குக் கால் கிலோ அளவில் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆறியதும் இறக்கி, தெளிந்து வரும்வரை அலச வேண்டும். கடைசிக்கு முந்திய அலசலில் கொஞ்சம் அப்பச்சோடா சேர்த்தால் மிச்சப் புளிப்பும் போய்விடும். மலசலகூடம் கழுவும் அசிட்டை ஊற்றவே கூடாது. சுண்ணாம்போடு உலோகத்தையும் அது தின்றுவிடும். அறுவடை முடிந்ததும் ரேடியேட்டரின் வெளித் தகடுகளில் அடைத்திருக்கும் வைக்கோல் தூசியையும் பாருங்கள். காற்றுப் போகும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்தால் போதும்.

கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் ஆவியும் வெந்நீரும் முகத்தில் பாயும். மகன் எவ்வளவு அவசரப்பட்டாலும் வாளியைக் கொடுக்குமுன் அரை மணி நேரம் நிழலில் உட்கார வைத்துத் தேநீர் கொடுங்கள்.

நகரத்தில் படிக்கும் பிள்ளைகள் சிலர் இப்போது கணினியையும் தண்ணீரால் குளிரூட்டுகிறார்களாம். குழாய், சிறு பம்பு, ரேடியேட்டர் எல்லாம் அதிலும் உண்டு. அங்கேயும் விதி இதுதான்: வடிநீர் மட்டும், பாசி பிடிக்காமலிருக்க ஒரு மருந்து, குறித்த காலத்தில் இறக்கிக் கழுவுதல். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்று கவனமாகப் பார்த்து வாங்குகிறார்கள். அந்தக் கவனத்தில் பாதியாவது சோறு போடும் மிசினுக்கு வேண்டாமா?

மூடிய ரேடியேட்டர் உள்ள வண்டிகளுக்குக் கடையில் பச்சை, சிவப்பு நிறங்களில் ஒரு திரவம் தருவார்கள். பனி உறையும் நாடுகளுக்காகச் செய்தது. வன்னியில் பனி உறைவதில்லை என்றாலும் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து அதில் இருக்கிறது; போத்தலில் எழுதிய அளவுப்படி வடிநீரில் கலக்கலாம். ஆனால் அதன் பெரும்பகுதி பெரும்பாலும் எத்திலீன் கிளைகோல் என்னும் நஞ்சு. ருசியோ இனிப்பு! சில மிடறுகள் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கும். உடம்புக்குள் போனதும் படிகங்களாக மாறிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படி மூலையில் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இன்றே தேடிப் பார்த்து அப்புறப்படுத்துங்கள். வந்த போத்தலிலேயே இருக்கட்டும், பூட்டுக்குள் இருக்கட்டும். இறக்கிய பழையதை முற்றத்திலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள்; ஆடும் பூனையும் நக்கும். கேனில் அடைத்துக் கராஜில் ஒப்படையுங்கள். பிள்ளை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், மயக்கம் வரட்டும் என்று காத்திராமல் அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முதலில் தள்ளாடிவிட்டுப் பிறகு தெளிந்ததுபோல் தோன்றும், ஏமாந்துவிடாதீர்கள்.

ஒரு சகோதரியின் கேள்வி: ரேடியேட்டரிலிருந்து இறக்கிய தண்ணீரில் வுழூச் செய்யலாமா? ஷாஃபிஈ கிதாபுகள் தண்ணீர்ப் பாடத்தோடுதான் தொடங்குகின்றன. தண்ணீர் என்ற பெயரே மாறுமளவுக்கு வேறொரு பொருள் கலந்து நிறமோ ருசியோ வாடையோ மாறிய நீர் சுத்தம் செய்யாது. ஆகவே மருந்து கலந்ததில் வுழூ கூடாது. அது ஆடையில் பட்டால் நஜீஸ் அல்ல. நஞ்சு என்பதால் பிள்ளையைத் தூக்குமுன் கழுவிவிடுங்கள்.