முழங்காலில் 'டக்' சத்தமா?



உட்கார்ந்து எழுந்தால் முழங்காலில் 'டக்'கென்று சத்தம் வருவது நம்மில் பலருக்கும் உண்டு. வலியோ வீக்கமோ இல்லாத வெறும் சத்தத்துக்குப் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் குத்துக்காலிடும் போதெல்லாம் ஒரே இடத்தில் கயிறு வழுக்கினாற்போல ஏதோ துள்ளி, வலிக்கவும் செய்தால் அது வேறு சமாசாரம்.

என் தங்கை பெண்ணுக்கு இப்படித்தான். 19 வயசு, கோகோ ஆடுகிறவள். கோலம் போட உட்கார்ந்தால் வலது முழங்காலின் வெளிப்புறம் துள்ளும். "வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்றாள் பாட்டி. "நரம்பு பிசகிடுச்சு, உருவி விட்டா சரியாப் போயிடும்" என்றார் பக்கத்து வீட்டு மாமி. எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வருஷம் அந்தப் பெண் பட்ட பாடு!

கடைசியில் ஓர் எலும்பு டாக்டர், அவளைக் குத்துக்காலிடச் சொல்லி அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு காலை மடக்கி நீட்டச் சொல்லி, அப்போதே அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். திரையில் தசைநாண் எலும்பின் மேல் தாவுவது தெரிந்தது! அசையாமல் படுத்து எடுக்கும் படத்தில் இது சிக்காமல் போகலாமாம்.

தொடையின் பின்புறத் தசை, கயிறு போன்ற நாணாக முடிந்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கச் சிற்றெலும்பின் தலையில் ஒட்டியிருக்கிறது. ஒட்டும் இடம் மாறியிருந்தாலும், எலும்பு புடைத்திருந்தாலும் நாண் வழுக்கும். நாம் 'நரம்பு' என்பது இந்த நாணைத்தான். நிஜ நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது. அது அடிபட்டால் பாதத்தைத் தூக்க முடியாது. அதனால் அனுபவமுள்ள சர்ஜன்தான் தொட வேண்டும்.

முதலில் ஓய்வு, குத்துக்காலிடாமல் இருப்பது, பிசியோதெரபி. சிலருக்கு இதிலேயே குணமாகும். இவளுக்கு ஆகாததால் ஆபரேஷன். நரம்பைப் பத்திரமாக ஒதுக்கிவிட்டு, நாணைச் சரியான இடத்தில் பொருத்தித் தைத்தார்கள். சிலருக்குப் புடைத்த எலும்பைச் செதுக்கினாலே போதுமாம். பிறகு சில வாரம் காலுக்குப் பட்டை, சில மாதம் பயிற்சி. இப்போது மார்கழிக் கோலம் அவள் கைவண்ணம்தான்!

டாக்டரிடம் போகும்போது எந்தப் பக்கம், எவ்வளவு மடக்கினால் துள்ளுகிறது என்று சொல்லுங்கள்; அவர் எதிரிலேயே செய்து காட்டுங்கள். முழங்கால் வீங்கினாலோ, மடங்கியபடி மாட்டிக்கொண்டாலோ சவ்வு கிழிந்திருக்கலாம், தாமதிக்க வேண்டாம். வீட்டுப் பெண் "வலிக்குதும்மா" என்றால் முதலில் நம்புங்கள்.