வைத்தியரும் கம்பெனியும்

வைத்தியரிடம் கண்ணை ஒப்புவிப்பவன் தன் நம்பிக்கை முழுவதையும் ஒப்புவிக்கிறான். அவர் எங்கே கற்றார், எந்தப் பரீக்ஷையில் தேறினார் என்று விசாரிப்பது வழக்கமே. அமெரிக்காவில் நேத்திர வைத்தியர்களைப் பரீக்ஷித்து அத்தாட்சி வழங்கும் சபை 1916-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. ஆனால் மருந்துக் கம்பெனிகளிடம் அவர் பெற்ற பணத்தை நோயாளி அறிவதற்கு வெகுகாலம் வழியில்லை.

2010-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய வைத்தியச் சீர்திருத்தச் சட்டத்தில், செனேட்டர்கள் கிராஸ்லி, கோல் இருவரின் முயற்சியால், இக்குறையை நீக்கும் ஷரத்து சேர்ந்தது. கம்பெனிகள் வைத்தியருக்கு அளிக்கும் பிரசங்கக் கட்டணம், ஆலோசனை ஊதியம், பிரயாணச் செலவு, விருந்து ஆகியவற்றைச் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும். 2014 செப்டம்பர் முதல் இக்கணக்கு வைத்தியரின் பெயருடன் பிரசுரமாகி வருகிறது.

பணம் பெற்றவரெல்லாம் நேர்மையற்றவர் என்று நாம் கூறவில்லை. புதிய கருவியைச் சீர்படுத்தும் கம்பெனிக்கு வைத்தியரின் அனுபவம் அவசியம். அதற்கு ஊதியம் பெறுவது குற்றமன்று. நோயாளிக்குத் தெரியாமல் பெறுவதே ஆக்ஷேபத்திற்குரியது.

ஆயினும் இப்பதிவேட்டில் எல்லாம் அடங்கிவிட்டதென்று எண்ணலாகாது. முதுமையில் விழித்திரை பழுதடையும் நோய்க்கு ஜெனென்டெக் கம்பெனியின் லுஸென்டிஸ் மருந்து 2006-இல் வந்தபோது ஊசி ஒன்றின் விலை சுமார் 2,000 டாலர். அதே கம்பெனி புற்றுநோய்க்குச் செய்த அவாஸ்டினைச் சிறு அளவாகப் பிரித்துக் கண்ணில் செலுத்தினால் சுமார் 50 டாலரே. பார்வையைக் காப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று சர்க்கார் பொருளுதவியால் நடந்த பரிசோதனை 2011-இல் காட்டிற்று.

முதியோருக்கான மெடிகேர் திட்டமோ, வைத்தியர் செலுத்தும் மருந்தின் சராசரி விலைமேல் நூற்றுக்கு 6 வீதம் அவருக்குக் கூட்டிக் கொடுப்பதைச் சட்டமாகக் கொண்டது. இவ்விகிதப்படி 2,000 டாலருக்கு 120 டாலர். 50 டாலருக்கு 3 டாலர். நூற்றுக்கு 20 வீதம் பங்கு செலுத்த வேண்டிய முதியவருக்கோ முன்னதில் 400 டாலர், பின்னதில் 10 டாலர் செலவு. இந்த 6 வீதம் கம்பெனி கொடுப்பதன்று. ஆதலால் பதிவேட்டில் இடம் பெறாது.

கம்பெனியின் விருந்தைக் கணக்கெழுதச் சொல்லும் சர்க்கார், விலையுயர்ந்த மருந்துக்கு அதிக ஊதியம் தருவது முரண்பாடல்லவா? மருந்தின் விலை எதுவாயினும் ஊசி போடும் ஊதியம் ஒன்றே என்று விதிப்பதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம். அதுவரையில், தமக்கு இடும் மருந்து எது, அதைவிட மலிவானது உண்டா என்று நோயாளி தயங்காமல் கேட்கட்டும். நேர்மையுள்ள வைத்தியர் அக்கேள்விக்கு வருந்தமாட்டார்.