ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?

மதுரையில் ஒரு கல்யாணம் என்றால், கடலாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார். காலையில் காபியும் வேண்டாம் என்பார். ஏன் என்று கேட்டால் "பஸ்ஸுல எனக்கு ஒத்துக்காது" என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். உண்மையான காரணம் வேறு. முதுகுளத்தூர், பரமக்குடி வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்து போக வேண்டும். நடுவில் ஒன்றுக்கு வந்துவிட்டால் டிரைவரிடம் போய் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். அறுபத்தைந்து வயதில், முறுக்கு மீசையோடு, அத்தனை பேர் முன்னால்! அதற்குக் கல்யாணத்துக்கே போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றிவிடும். அப்படியே போகாமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

இதற்கு வீட்டில் சொல்லும் சமாதானம் இரண்டே வார்த்தை. "வயசானா அப்படித்தான்."

பிரச்சினையே இந்த இரண்டு வார்த்தைதான். வயதானால் வருவது உண்மை. ஆனால் வயதானால் வருகிற எல்லாவற்றையும் அப்படி விட்டுவிடுவதில்லையே. கண்புரையும் வயதானால்தான் வருகிறது. அதற்கு முகாம் போட்டு, வேன் வைத்து அழைத்துப் போய், ஆபரேஷன் செய்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். கண்புரையைப் பற்றி டீக்கடையில் உட்கார்ந்து பேசலாம். புராஸ்டேட்டைப் பற்றிப் பேச முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் புராஸ்டேட். வாலிப வயதில் சுமார் 20 கிராம்தான் இருக்கும். 40 வயதைத் தாண்டியதும் மெல்ல வளர ஆரம்பிக்கிறது. 60 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்கும் இந்த வீக்கம் இருக்கும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் வளையம் தடித்தால் நடுவில் உள்ள குழாய் நெரிபடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் டியூப்பின் மேல் யாரோ காலை வைத்த மாதிரி. சிறுநீர் மெல்லிசாக வரும். விட்டு விட்டு வரும். போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலவே தோன்றும். ராத்திரி மூன்று, நான்கு தடவை எழுந்திருக்க வேண்டிவரும்.

இருட்டில் தடுமாறி எழுந்து வெளியே போகும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், வீட்டில் எல்லோரும் எலும்பைப் பற்றித்தான் பேசுவார்கள். ஏன் எழுந்தார் என்று யாரும் கேட்பதில்லை!

இதைவிட மோசமானது சத்தமில்லாமல் நடப்பது. அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் தசை களைத்துப்போகிறது. உள்ளே நீர் தேங்குகிறது. சில பேருக்கு அந்த அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடுகிறது. வலி இருக்காது. அதனால் தெரியவும் தெரியாது. இன்னும் சில பேருக்கு ஒரு நாள் திடீரென்று ஒரு சொட்டுகூட வராமல் நின்றுவிடும். சளி, மூக்கடைப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் சில மாத்திரைகளே இதைத் தூண்டிவிடும் என்பது பல பேருக்குத் தெரியாது. பிறகு நள்ளிரவில் வண்டி பிடித்து ஓடி, டியூப் போட்டு நீரை எடுக்க வேண்டும். அந்த வலியை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இது எல்லா ஊரிலும் இருப்பதுதானே, கடலாடிக்கு என்ன தனியாக என்று கேட்கலாம். இருக்கிறது. தண்ணீர்!

இது பனையும், உப்பும், கரிமூட்டமும் சோறு போடும் பூமி. மாரியூர், வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் இருக்கின்றன. அந்தக் கழகம் தொடங்கியது 1974இல். உப்பளத்தில் நிழல் கிடையாது. கீழே பாத்தியிலிருந்தும் வெயில் திருப்பி அடிக்கும். பனையேறுகிறவரும், சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போடுகிறவரும், வலை இழுக்கிறவரும் இதே வெயிலில்தான் நிற்கிறார்கள். வியர்வையாகப் போவது போக, சிறுநீராகப் போக உடம்பில் மிச்சம் கொஞ்சம்தான். சிறுநீர் மஞ்சளாகி, கெட்டியாகி, கல் சேர்வது இப்படித்தான். நீர்க்கடுப்பு, கல்லடைப்பு என்ற வார்த்தைகள் இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர் வித்யா வேணுகோபாலின் குழு 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களின் தொழிலாளர்களைச் சோதித்தது. பெரும்பாலோர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வெயில் "தண்ணீர் குடி" என்கிறது. புராஸ்டேட் "குடிக்காதே, அப்புறம் அலையணும்" என்கிறது. வெட்கம் புராஸ்டேட் பக்கம் சேர்ந்துகொள்கிறது. ஏற்கனவே கெட்டியான சிறுநீர் முழுசாகக் காலியாகாத பைக்குள் தேங்கினால் கிருமியும் கல்லும் அங்கேயே குடியேறும். தண்ணீரை நிறுத்தினால் தொல்லை குறையும் என்று நினைத்தவர் தொல்லையை இரண்டு மடங்காக்கிக்கொள்கிறார்.

இதற்குச் செய்ய வேண்டியது என்ன? பெரிய ஆஸ்பத்திரி கட்டுவது அப்புறம் இருக்கட்டும். முதலில் ஒரே ஒரு கேள்வி போதும்.

2021 ஆகஸ்ட் 5இல் தமிழ்நாடு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்ப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள். அருமையான திட்டம். புற்றுநோய்க்கும் அரசுப் பரிசோதனைகள் நடக்கின்றன. 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் என்று மூன்று. எல்லாமே தேவையானவை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் அவர் சிறுநீர் கழிப்பதைப் பற்றி யாராவது கேட்கிறார்களா? வீட்டுக்கு வருகிறவர் பிரஷர் பட்டையைக் கையில் சுற்றும்போதே கேட்டுவிடலாம்: "ஐயா, ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?"

ஒரு தடவை என்றால் பரவாயில்லை. தினமும் இரண்டு, மூன்று தடவை என்றால் நோட்டில் ஒரு டிக். அவ்வளவுதான் வேலை.

இதற்கு மூன்று எதிர்ப்புகள் வரும்.

முதலாவது: "கேள்வி எதுக்கு, எல்லாருக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை எடுத்துடலாமே?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிஎஸ்ஏ புற்றுநோயில் மட்டும் ஏறுவதில்லை, சாதாரண வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும் ஏறும். 1970இல் புராஸ்டேட் ஆன்டிஜெனைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆப்லினே, அதை வைத்து ஊரையெல்லாம் சோதிப்பது பெரிய தவறு என்று 2010இல் எழுதினார். மெதுவாக வளர்ந்து ஒரு கெடுதலும் செய்யாமல் இருந்திருக்கக்கூடிய கட்டிகளுக்கும் ஆபரேஷன், கதிர்வீச்சு என்று போய், சிறுநீரை அடக்க முடியாமல் ஆனவர்கள் பலர். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழு 2012இல் இந்தப் பரிசோதனை யாருக்கும் பொதுவாக வேண்டாம் என்றது. 2018இல் கொஞ்சம் மாற்றி, 55 முதல் 69 வயதுக்காரர்கள் மருத்துவரிடம் பேசி அவரவர் முடிவு செய்யட்டும் என்றது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்தப் புற்றுநோய் இருந்தவர்கள் கட்டாயம் அந்தப் பேச்சைப் பேச வேண்டும். மற்றபடி ஊர் முழுக்க ஊசி குத்துவது பதில் அல்ல.

இரண்டாவது: "வீட்டுக்கு வர்றது பொம்பளைப் பிள்ளை. அதுகிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்வாங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அதில் உடம்பின் எந்த உறுப்பின் பெயரும் இல்லை. தூக்கத்தைப் பற்றித்தான் கேட்கிறது. தூக்கத்தைப் பற்றிச் சொல்ல யாருக்கும் வெட்கம் கிடையாது. "எங்கம்மா தூக்கம், நாலு தடவை எந்திரிக்கிறேன்" என்று அவராகவே சொல்லிவிடுவார். அதற்கு மேல் விவரம் வேண்டுமென்றால், உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஏழு கேள்வித் தாள் இருக்கிறது. மொத்தம் 35 மதிப்பெண். 8 வந்தால் கவனிக்க வேண்டும், 20 வந்தால் தாமதிக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்? அதற்கும் வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 2011இல் படங்களாலேயே ஒரு தாளை உருவாக்கி வெளியிட்டார்கள். சிறுநீர் வேகமாகப் போவது ஒரு படம், சொட்டுச் சொட்டாகப் போவது ஒரு படம். விரலை வைத்துக் காட்டினால் போதும், வாய் திறக்கவே வேண்டாம்.

மூன்றாவதுதான் கொஞ்சம் கனமானது: "கேட்டுட்டு? டாக்டர் எங்க இருக்கார்?" ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் சிறுநீரகவியலுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் உட்கார முடியாதவரை மதுரைக்குப் போகச் சொல்வது கொடுமைதான். தூரம் ஒரு அநியாயம், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் ராத்திரி எழுந்திருக்கிற எல்லோரும் மதுரைக்குப் போக வேண்டியதில்லை. சில பேருக்கு அது சர்க்கரை நோயின் முதல் அறிகுறி. சில பேர் பிரஷருக்கான நீர் மாத்திரையைச் சாயங்காலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், மருத்துவர் அந்த நேரத்தை மாற்றிக் கொடுத்தாலே பாதி சரியாகிவிடும். இதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்டுபிடிக்கக்கூடியவை. புராஸ்டேட்தான் காரணம் என்றாலும் நிறையப் பேருக்கு மாத்திரையே போதும். கத்தியே வைக்காமல் குழாய் வழியாகச் செய்யும் ஆபரேஷன் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரை, தாமதித்தால் டியூப், ரொம்பத் தாமதித்தால் டயாலிசிஸ். தூரம் அதிகமான ஊருக்குத்தான் சீக்கிரம் கேட்கும் கேள்வி அதிகம் தேவை.

சில விஷயங்களுக்கு மட்டும் இந்தக் கேள்விக்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது. சிறுநீரில் ஒரே ஒரு தடவை ரத்தம் வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே காட்ட வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கட்டாயமாக, ஏனென்றால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகையிலை ஒரு முக்கியக் காரணம். குளிர்க் காய்ச்சலோடு நீர்க்கடுப்பு வந்தாலும், நீர் சுத்தமாக நின்றுவிட்டாலும் அப்படியே. நெருஞ்சி முள்ளைக் காய்ச்சிக் குடித்துப் பார்ப்போம் என்று இரண்டு நாள் தள்ளக் கூடாது.

2003இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கொஞ்சம் நண்பர்கள் நவம்பர் மாதம் முழுக்க மீசை வளர்ப்பது என்று விளையாட்டாக ஆரம்பித்தார்கள். அடுத்த வருடமே அது புராஸ்டேட் புற்றுநோய்க்கு நிதி திரட்டும் இயக்கமாகி, இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஆண்களைத் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசவைக்க அவர்களுக்கு ஒரு மீசை தேவைப்பட்டது. ராமநாதபுரம் சீமையில் மீசைக்குப் பஞ்சமே இல்லை. பேச்சுக்குத்தான் பஞ்சம்!

அரசாங்கம் அந்தக் கேள்வியை நோட்டில் சேர்க்கும்போது சேர்க்கட்டும். அதுவரை ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு ஊருக்குப் போகும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களே. போனை ஐந்து நிமிடம் கீழே வைத்துவிட்டு, திண்ணையில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கட்டும். முதல் தடவை "போடா வேலையைப் பாத்துக்கிட்டு" என்பார். இரண்டாவது தடவை எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார்.