ஆஸ்திரியா சட்டம் போட்டது, சுவிட்சர்லாந்து வாக்குக் கேட்டது

வயதுவந்தோர் எல்லோரும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்திலேயே முதலில் சட்டம் இயற்றிய நாடு ஆஸ்திரியா. 2022 ஜனவரி 20 அன்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் 137 உறுப்பினர்கள் ஆதரவாகவும் 33 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். பிப்ரவரி 5 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. மீறுவோருக்கு 3,600 யூரோ வரை அபராதம். அபராதம் விதிக்கும் வேலை மார்ச் நடுவில் தொடங்குவதாக இருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன், மார்ச் 9 அன்று, அரசே சட்டத்தை நிறுத்திவைத்தது. ஜூன் மாதம் முற்றாகக் கைவிடுவதாக அறிவித்தது. கட்டாயம் யாரையும் ஊசி போட வைக்கவில்லை, போட்டுக்கொள்ள நினைத்த சிலரைக்கூட அது விலக வைத்துவிட்டது என்று சுகாதார அமைச்சர் யோஹன்னஸ் ரவுஹ் அப்போது ஒப்புக்கொண்டார். பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தோ தன் கோவிட் சட்டத்தை மூன்று முறை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டது. மூன்று முறையும் பெரும்பான்மையினர் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். ஐரோப்பாவில் எழுந்த எதிர்ப்பைப் புரிந்துகொள்ள இந்த இரு நாடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கட்டுப்பாடு எவ்வளவு கடுமையானது என்பதைவிட, அதன் காரணத்தை அரசு மக்கள் முன் வைத்ததா, காரணம் மாறியபோது கட்டுப்பாட்டையும் மாற்றியதா என்பதே எதிர்ப்பின் போக்கைத் தீர்மானித்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். தடுப்பூசி வேலை செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்தப் பிராந்தியத்தில் குறைந்தது 14 லட்சம் உயிர்களைத் தடுப்பூசிகள் காப்பாற்றின. தெருவுக்கு வந்த எதிர்ப்பாளர்கள் எல்லோரும் அப்பாவிகளும் அல்ல. 2021 ஜனவரியில் நெதர்லாந்தின் உர்க் என்ற மீனவ ஊரில் இரவு ஊரடங்கை எதிர்த்தவர்கள் கொரோனா பரிசோதனை மையத்துக்குத் தீவைத்தார்கள். அக்டோபரில் ரோம் நகரில் தீவிர வலதுசாரிகள் தொழிற்சங்கத் தலைமையகத்துக்குள் புகுந்து சூறையாடினார்கள். நவம்பரில் ராட்டர்டாமில் கலவரக்காரர்கள் மீது போலீஸார் துப்பாக்கிச்சூடு நடத்தும் அளவுக்கு நிலைமை முற்றியது. ஆனால் வியன்னாவில் திரண்ட சுமார் 40,000 பேரையும், 2021 ஆகஸ்டில் ஒரே சனிக்கிழமை பிரான்ஸின் தெருக்களில் இறங்கியவர்களாக அந்நாட்டு உள்துறை அமைச்சகமே கணக்கிட்ட 2,37,000 பேரையும், இத்தாலியின் ட்ரியெஸ்டே துறைமுகத்தில் எதிர்த்த தொழிலாளர்களையும் இந்தக் கும்பல்களோடு ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது. அப்படிக் கட்டியதும் அரசுகள் செய்த பிழைகளில் ஒன்று.

பெரிய பிழை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதது. 2020 நவம்பரில் ஜெர்மனியின் சுகாதார அமைச்சர் யென்ஸ் ஸ்பான், இந்தப் பெருந்தொற்றில் தடுப்பூசி கட்டாயமாக்கப்படாது என்று நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். அதே மாதம் பிரான்ஸ் அதிபர் மக்ரோனும் தொலைக்காட்சி உரையில் அதையே சொன்னார். அடுத்த ஆண்டு ஜூலையில் மருத்துவப் பணியாளர்களுக்கு ஊசியைக் கட்டாயமாக்கியவரும் அவரே. ஜெர்மனியில் கட்டாயச் சட்டம் நாடாளுமன்றம் வரை போய், 2022 ஏப்ரலில் 378-க்கு 296 என்ற கணக்கில் தோற்றது. ஆஸ்திரியாவில் 2021 கோடையில் ஆளும் மக்கள் கட்சி, பெருந்தொற்றை வென்றுவிட்டதாகச் சுவரொட்டி ஒட்டியது. சில மாதங்களில் நாடு மீண்டும் முடக்கத்துக்குள் போனது. கிருமி உருமாறியதால் கொள்கையும் மாறியது என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் உருமாற்றம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. ஊசி போட்டவர் தொற்றைப் பரப்புவது வெகுவாகக் குறையும் என்பது கட்டாயத்துக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. ஒமிக்ரான் வந்ததும் அந்தக் காரணம் வலுவிழந்தது. கடும் நோயிலிருந்தும் சாவிலிருந்தும் ஊசி பெரிதும் காத்தது, பரவலைத் தடுப்பதில் முன்புபோல் பயன்படவில்லை. அப்படியொரு நேரத்தில், ஒமிக்ரான் அலை உச்சத்தை நோக்கி ஏறிய ஜனவரியில், ஆஸ்திரியா சட்டம் இயற்றியது. காரணம் வெளியேறிக்கொண்டிருந்தது, கட்டாயம் உள்ளே நுழைந்தது.

அந்த 137-க்கு 33 என்ற கணக்கில் இன்னொரு சேதியும் இருக்கிறது. ஒரே ஒரு கட்சியைத் தவிர மற்றெல்லாக் கட்சிகளும் பெரும்பாலும் ஒரே பக்கம் நின்றன. தயக்கம் உள்ளவர், தடுப்பூசி போட்டுக்கொண்டும் கட்டாயத்தை ஏற்காதவர், வெறுமனே கோபப்பட்டவர் என்று எல்லோருக்கும் திறந்திருந்தது தீவிர வலதுசாரி சுதந்திரக் கட்சியின் கதவு மட்டுமே. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அதன் தலைவர் ஹெர்பர்ட் கிக்ல் அந்தக் கோபத்தை அறுவடை செய்தார். 2019 தேர்தலில் 16 சதவீதம் பெற்ற கட்சி, 2024-இல் 29 சதவீதத்தை ஒட்டி வந்து முதலிடம் பிடித்தது. விலைவாசியும் குடியேற்றமும் இதில் பெரும்பங்கு வகித்தன; எல்லாவற்றையும் தடுப்பூசியின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. ஆனால் நீடர்ஆஸ்திரியா மாகாணத்தில் 2023-இல் மக்கள் கட்சியோடு கூட்டணி ஆட்சி அமைத்தபோது சுதந்திரக் கட்சி பெற்ற விலை என்ன என்று பாருங்கள்: கொரோனா கால நடவடிக்கைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 3 கோடி யூரோ நிதி. கட்டாயச் சட்டத்தின் கீழ் அபராதம் வசூலிக்காத அரசு, மற்ற கட்டுப்பாடுகளின் கீழ் வசூலித்ததைத் திருப்பிக்கொடுக்கும் நிலைக்கு வந்தது.

சுவிட்சர்லாந்திலும் எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. பெரிய மாட்டு மணிகளைச் சுமந்து ஆட்டியபடி ஊர்வலம் போனவர்கள் அந்நாட்டு எதிர்ப்பின் அடையாளமானார்கள். ஆனால் அவர்களுக்கு ஊர்வலத்துக்கு அப்பால் ஒரு வழி இருந்தது. நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தை 100 நாட்களுக்குள் 50,000 கையெழுத்துத் திரட்டி மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கலாம் என்பது அங்கே அரசமைப்பு தரும் உரிமை. அப்படி இழுத்தார்கள். 2021 ஜூனில் 60 சதவீதமும், கோவிட் சான்றிதழையே கேள்விக்குள்ளாக்கிய நவம்பர் வாக்கெடுப்பில் 62 சதவீதமும், 2023 ஜூனில் மீண்டும் ஏறத்தாழ 62 சதவீதமும் சட்டத்தை ஆதரித்தன. சுவிட்சர்லாந்து ஊசியை எல்லோருக்கும் கட்டாயமாக்கவே இல்லையே, இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். சரியான கேள்வி. மக்களிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்று தெரிந்த அரசு, அவர்கள் ஏற்கக்கூடிய அளவைத் தாண்டித் துணியாது என்பதே அதற்கு என் பதில். தடுப்பூசி போட்டோர் விகிதத்தில் சுவிட்சர்லாந்து ஆஸ்திரியாவை முந்தவில்லை. அது பெற்ற லாபம் வேறு: தோற்றவர்கள் தாங்கள் தோற்றதை எண்ணிப் பார்க்க முடிந்தது. தங்களைக் கேட்காமலேயே திணித்தார்கள் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

வாக்கெடுப்பு இல்லாமலும் இதைச் செய்ய முடியும் என்பதற்கு டென்மார்க் சாட்சி. 2020 நவம்பரில் அங்கே முன்வைக்கப்பட்ட தொற்றுநோய்ச் சட்ட வரைவு, தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. மக்கள் நாடாளுமன்றத்தின் முன்னால் நாட்கணக்கில் பாத்திரங்களைத் தட்டி எதிர்த்தார்கள், வரைவு கைவிடப்பட்டது. 2021 மார்ச்சில் வந்த புதிய சட்டம் கட்டுப்பாடுகளை நாடாளுமன்றத்தின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. அரிதான ரத்த உறைவு காரணமாக ஏப்ரலில் அஸ்ட்ராஜெனிகா ஊசியை டென்மார்க் முற்றாக நிறுத்தியது. பக்கவிளைவை வெளிப்படையாகப் பேசினால் மக்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்ற கணிப்பு பொய்த்தது. அந்தச் செப்டம்பரில் எல்லாக் கட்டுப்பாடுகளையும் நீக்கியபோது, 12 வயதுக்கு மேற்பட்டோரில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் இரு தவணையும் போட்டிருந்தார்கள். டென்மார்க் தவறே செய்யாத நாடல்ல. பண்ணைகளில் வளர்த்த மிங்க் விலங்குகளை எல்லாம் கொல்லச் சொல்லி, சட்ட அதிகாரம் இல்லாமலேயே அரசு 2020-இல் உத்தரவிட்டது. ஆனால் அது விசாரிக்கப்பட்டது. பிரதமரின் பேச்சு மக்களைத் தவறாக வழிநடத்தியது என்று விசாரணைக் குழு 2022-இல் அறிக்கை கொடுத்தது. அதன் விளைவாக முன்கூட்டியே தேர்தலும் வந்தது. அரசு தவறாமல் இருப்பதால் நம்பிக்கை பிறப்பதில்லை. தவறினால் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிவதால் பிறக்கிறது.

அடியாத மாடு படியாது என்பார்கள். கட்டாயத்தை ஆதரிப்போரின் வலுவான சான்று பிரான்ஸ். உணவகத்துக்கும் ரயிலுக்கும் சான்றிதழ் தேவைப்படும் என்று மக்ரோன் அறிவித்த ஒரே நாளில் 9 லட்சத்துக்கும் அதிகமானோர் ஊசிக்கு முன்பதிவு செய்தார்கள். நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் 2022-இல் வந்த ஆய்வு, இந்தச் சான்றிதழ் முறை பிரான்ஸில் தடுப்பூசி விகிதத்தை 13 சதவீதப் புள்ளிகளும் இத்தாலியில் ஏறத்தாழ 10 புள்ளிகளும் உயர்த்தியது என்றும், பிரான்ஸில் மட்டும் ஏறக்குறைய 4,000 சாவுகளைத் தவிர்த்தது என்றும் கணித்தது. இதை மறுப்பதற்கில்லை. 4,000 உயிர் சிறிய எண்ணும் அல்ல. ஆனால் அந்தச் சான்றிதழில் ஒரு மாற்றுவழி இருந்ததைக் கவனிக்க வேண்டும்: ஊசி போடாதவர் பரிசோதனை முடிவைக் காட்டி உள்ளே போகலாம். நெருக்கடி இருந்தது, கதவு அடைபடவில்லை. 2022 ஜனவரியில் ஊசி போடாதவர்களைத் தொல்லைப்படுத்தவே விரும்புவதாக மக்ரோன் கொச்சையான சொல்லில் பேட்டி கொடுத்ததும், அதே மாதம் பரிசோதனை என்ற மாற்றுவழி அடைக்கப்பட்டதும் பொது சுகாதாரத்தின் மொழியைத் தண்டனையின் மொழியாக்கின. அந்தக் கெடுபிடியும் மார்ச் 14 வரைதான் நீடித்தது. தூண்டுதலும் தண்டனையும் ஒன்றல்ல. பிரான்ஸின் வெற்றி முன்னதைச் சேர்ந்தது.

டென்மார்க்கின் நம்பிக்கை தலைமுறைகளாகச் சேர்ந்த சொத்து, அதை மற்றவர்கள் கடன் வாங்க முடியாது என்பது அடுத்த மறுப்பு. நம்பிக்கை சேர்த்த சொத்து என்றால், அவநம்பிக்கையும் அப்படியே. 2018-இல் உலக அளவில் நடந்த ஓர் ஆய்வில், தடுப்பூசிகள் பாதுகாப்பானவை என்பதை மறுத்தோர் பிரான்ஸில்தான் மிக அதிகம், மூன்றில் ஒருவர். தடுப்பூசி முன்னோடி பாஸ்டர் பிறந்த மண்ணில் இது எப்படி வந்தது? எண்பதுகளில் எச்ஐவி கலந்த ரத்தத்தை நோயாளிகளுக்கு ஏற்றிய ஊழலும், 2009 பன்றிக் காய்ச்சலுக்கு 9 கோடிக்கும் அதிகமான ஊசிகளுக்கு ஆர்டர் கொடுத்து மக்களில் பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானோர்க்கே போட்டதும் மக்கள் நினைவில் தங்கின. மறுபுறம் போர்ச்சுகல். அரசியல்வாதிகளை அங்கே யாரும் தலையில் வைத்துக் கொண்டாடுவதில்லை. ஆனால் 1965 முதல் இடைவிடாமல் நடக்கும் தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் மீது மதிப்பு உண்டு. விநியோகப் பொறுப்பு கட்சி சாராத கடற்படை அதிகாரி என்ரிகே கோவேயா இ மெலோவிடம் ஒப்படைக்கப்பட்டது. பொதுமக்கள் மீது ஊசியைக் கட்டாயமாக்காமலேயே அந்நாடு 2021 இலையுதிர்காலத்தில் உலகின் முன்னணி வரிசைக்கு வந்தது. பல்கேரியாவில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட முழுத் தவணை போடவில்லை. அதே இலையுதிர்காலத்தில் அதன் சாவு விகிதம் உலகின் மிக மோசமானவற்றுள் ஒன்று. அவநம்பிக்கை ஆளைக் கொல்லும் என்பதால்தான், அதை வளர்க்கும் எந்த நடவடிக்கையையும் அரசு அஞ்சி அணுக வேண்டும்.

குழந்தைகளுக்கான தடுப்பூசி பல நாடுகளில் கட்டாயம்தானே, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே 2021 ஏப்ரலில் செக் குடியரசு வழக்கில் அதை ஏற்றதே என்றும் கேட்கலாம். ஏற்றது உண்மை. ஆனால் அந்த ஊசிகளுக்குப் பின்னால் பல பத்தாண்டுச் சான்று இருக்கிறது; தட்டம்மை போன்றவற்றில் அவை பரவலையே நிறுத்துகின்றன. காரணம் நிலையாக நிற்பதால் கட்டாயமும் நிற்கிறது. அங்கேயும் அரசுகள் இறங்கிவந்த வரலாறு உண்டு. 1853 முதல் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கிய இங்கிலாந்தில், 1885-இல் லெஸ்டர் நகரில் பல்லாயிரம் பேர் திரண்டு எதிர்த்தார்கள். 1898-இல் நாடாளுமன்றம், மனசாட்சிப்படி மறுக்கும் பெற்றோருக்கு விலக்கு அளித்தது. அம்மை அதனால் ஜெயித்துவிடவில்லை.

இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. தடுப்பூசி ஒப்பந்தங்களை மக்கள் பார்வைக்குப் போதுமான அளவு திறக்கவில்லை என்று 2024 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் ஐரோப்பிய ஆணையத்தைக் குறை சொன்னது. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு என்று எதிர்ப்பாளர்கள் கேட்க அதுவே போதும். 2025 மே மாதம் உலக சுகாதார மாநாடு ஏற்ற பெருந்தொற்று உடன்படிக்கையில், தடுப்பூசியையோ முடக்கத்தையோ எந்த நாட்டின் மீதும் திணிக்கும் அதிகாரம் உலக சுகாதார நிறுவனத்துக்கு இல்லை என்று தனியாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதியும் இத்தாலி, போலந்து, ஸ்லோவாக்கியா போன்றவை வாக்களிக்காமல் ஒதுங்கின. அடுத்த கிருமி வரும்போது அரசுகளின் கையில் இன்னும் நல்ல ஊசி இருக்கலாம். அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லும்போது, 2020-இல் கொடுத்த வாக்கு என்ன ஆனது என்று மக்கள் முதலில் கேட்பார்கள். அதற்கான பதிலை நோய் இல்லாத இந்த நாட்களிலேயே சட்டத்தில் எழுதிவைக்கலாம்: எந்தக் காரணத்துக்காகக் கட்டுப்பாடு, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று யார் எப்போது பார்ப்பார்கள், இல்லையென்றால் எந்தத் தேதியில் அது தானாகவே விழும்.